அம்மா தைத்த சிவப்பு கவுன்

(நம் சங்கத்தின் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் பேசியது)



இந்த முறை நீங்கள்தான் பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னபோது எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. நான் இலக்கியம் படித்தவள் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தவள். முப்பத்து நான்கு வருடம் லெட்ஜரும் டோக்கனுமாகவே போய்விட்டது. ஆனாலும் ஒரு புத்தகம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைப் பற்றி யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. அன்று மழையால் வர முடியாமல் போனவர்கள் கேட்டதால், பேசியதை இங்கே எழுதித் தருகிறேன். பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டையும் சேர்த்திருக்கிறேன்.

புத்தகம் என் கைக்கு வந்தது பேத்தியால். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். போர்க்காலத்தில் வளர்ந்த ஒருவர் தன் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதிய நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் வரும் நிறங்கள் எதையெதைக் குறிக்கின்றன என்று பத்துப் பக்கம் எழுதித் தர வேண்டுமாம். ஓர் அட்டவணை போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். சிவப்பு என்றால் ரத்தம், கோபம். கறுப்பு என்றால் சாவு. பச்சை நம்பிக்கை. வெள்ளை சமாதானம். கட்டம் கட்டி, கோடு போட்டு, அவ்வளவு நேர்த்தி. இரண்டு பக்கமும் பைசா சுத்தமாக டேலி ஆன ஐந்தொகையைப் பார்த்த மாதிரி எனக்குச் சந்தோஷம். "பிரமாதம்டீ" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். நான்கு இரவில் படித்து முடித்தேன். முடித்ததும் அவளைக் கூப்பிட்டு, அந்த அட்டவணையைக் கிழித்துப் போடச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஏன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

புத்தகத்தின் பெயர் 'ஃபர்ஸ்ட் தே கில்ட் மை ஃபாதர்'. முதலில் அவர்கள் என் அப்பாவைக் கொன்றார்கள் என்று பொருள். எழுதியவர் லூங் உங் என்ற பெண்மணி. 1970-ல் கம்போடியாவின் தலைநகர் நாம்பென்னில் பிறந்தவர். புத்தகம் வந்தது 2000-ல். ஏழு பிள்ளைகளில் இவர் ஆறாவது. அப்பா அப்போதைய அரசில் ராணுவப் போலீஸ் அதிகாரி. அம்மா சீன வம்சாவளி. வசதியான குடும்பம், வீட்டில் கார் உண்டு, வேலைக்கு ஆள் உண்டு. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை தலைநகருக்குள் வந்தது. அன்றே ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். லூங்குக்கு அப்போது ஐந்து வயது. அதற்குப் பின் மூன்று வருடம், எட்டு மாதம், சொச்ச நாள். பசியாலும் நோயாலும் கொலையாலும் அந்த நாட்டில் செத்தவர்கள் பதினைந்து முதல் இருபது லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். மொத்த மக்கள்தொகையே அன்று எண்பது லட்சம் அளவுக்குத்தான்.

நிறத்துக்கு வருகிறேன். லாரிகளில் வந்து இறங்குகிற படையினரைக் குழந்தை பார்க்கிறது. கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. இடுப்பிலும் நெற்றியிலும் சிவப்புத் துணி. எல்லோரும் சிரித்துக்கொண்டு வருகிறார்கள், ஜனங்கள் கை தட்டுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் குழந்தை நினைக்கிறது. அப்பா அந்த உடையைப் பார்த்துக் கவலைப்படவில்லை. கார் டயரை அறுத்துச் செய்த அவர்களுடைய செருப்பைக் காட்டி, இவர்கள் பொருள்களை அழிக்கிறவர்கள் என்கிறார். எனக்கு அந்த இடம் பிடித்தது. நிறத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது, செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்கிற அப்பா அவர்.

ஒரு வங்கிக்காரி என்பதால் இதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. ஊரை விட்டு நடந்து போகும் வழியில் குழந்தைக்கு ஒதுங்க வேண்டியிருக்கிறது. துடைக்கக் காகிதம் கேட்கிறாள். அம்மா எடுத்துக் கொடுப்பது பணம். கட்டுப் பணம். இனி இதற்கு வேறு உபயோகம் இல்லை என்கிறார். உண்மையில் அப்படித்தான் ஆயிற்று. கெமர் ரூஜ் ஆட்சி பணத்தையே ஒழித்துவிட்டது. நாம்பென்னில் இருந்த மத்திய வங்கிக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த நாட்டில் ரியல் நோட்டு மறுபடி புழக்கத்துக்கு வந்தது 1980-ல். கவுன்டரில் உட்கார்ந்து வருடக்கணக்கில் நோட்டை எண்ணிய விரல் இது. ரூபாய் நோட்டு வண்ணம் மாறி வந்த நாளெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. நோட்டின் நிறமும் எண்ணும் எல்லோருமாக ஒத்துக்கொண்ட ஒரு ஏற்பாடுதான், ஒத்துக்கொள்கிறவர்கள் போனால் அது காகிதம் என்று பி.காம். பாடத்தில் படித்தேன். அதைப் புரிந்துகொண்டது இந்தப் பக்கத்தில்தான்.

இனி அந்த கவுன். புத்தாண்டுக்காக அம்மா தன் கையால் தைத்துக் கொடுத்த சிவப்பு கவுன். பயணத்தில் எத்தனையோ சாமான்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் அதை மூட்டையில் வைத்திருக்கிறார்கள். கடைசியாக ஒரு கிராமத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே படையினர் எல்லோருடைய மூட்டையையும் பிரித்துக் கொட்டித் துணிமணிகளைக் குவித்துத் தீ வைக்கிறார்கள். வண்ணத்துணி மனதைக் கெடுக்கும், ஒருவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும், இனி எல்லோருக்கும் கறுப்பு மட்டும்தான் என்பது சட்டம். கண் முன்னால் அந்த கவுன் எரிகிறது. ஊர் போயாயிற்று, வீடு போயாயிற்று, பள்ளிக்கூடம் போயாயிற்று. அதெல்லாம் குழந்தைக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இது பிடிபடுகிறது. பின்னால் அக்கா போகிறாள், அப்பா போகிறார், அம்மாவும் கடைசித் தங்கையும் போகிறார்கள். இழப்பு என்றால் என்ன என்பதற்கு முதல் பாடம் அந்தக் குழந்தைக்கு ஒரு கவுன்.

பேத்தியின் அட்டவணை இடறியது இங்கேதான். சிவப்பு என்றால் ரத்தமா? அம்மாவின் சீனக் குடும்பத்தில் சிவப்பு மங்கலம், புத்தாண்டு, கல்யாணம். அதை எரித்தவர்கள் யார்? 'கெமர் ரூஜ்' என்ற பிரெஞ்சுப் பெயருக்கே சிவப்புக் கெமர்கள் என்றுதான் அர்த்தம். கொடி சிவப்பு, நெற்றியில் கட்டிய துணி சிவப்பு. சிவப்புக்காரர்கள் ஒரு குழந்தையின் சிவப்பு கவுனை எரிக்கிறார்கள். ஒரே நிறத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? சிவப்பின் மேல் அவர்களுக்கு வெறுப்பு கிடையாது. யாருடைய சிவப்பு என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. கொடியில் இருக்கலாம், ஒரு வீட்டில் ஓர் அம்மா தன் மகளுக்காகத் தேர்ந்தெடுத்து வாங்கியதாக இருக்கக் கூடாது.

கறுப்புக்கும் இதே கதைதான். கம்போடிய விவசாயிகள் வயல் வேலைக்குக் கறுப்பு உடுத்துவது பழைய வழக்கம். நம் கருங்காலி மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் அங்கே உண்டு, அதன் காயிலிருந்து எடுக்கும் சாயத்தில் துணியைக் கறுப்பாக்குவார்கள். அழுக்குத் தெரியாது, உழைப்புக்கு ஏற்ற உடை. அதில் சாவு எங்கே இருக்கிறது? அந்த உழவனின் நிறத்தை எடுத்து எல்லோர் மேலும் போர்த்தி, இதுதான் சமத்துவம் என்றார்கள். எல்லோரும் கறுப்பு உடுத்திய பிறகும் எல்லோரும் சமமாகவில்லை. 'பழைய ஜனங்கள்' என்று கிராமத்தாருக்கு ஒரு பெயர், நகரத்திலிருந்து வந்தவர்களுக்குப் 'புதிய ஜனங்கள்' என்று ஒரு பெயர். சோற்றிலும் அந்த வித்தியாசம். சட்டையில் அடையாளம் போனதும் தோலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அம்மாவின் வெளுத்த தோலும், கெமர் மொழியை அவர் பேசும்போது எட்டிப் பார்க்கிற சீன உச்சரிப்பும் குடும்பத்துக்கே ஆபத்தாகின்றன. நம் வீடுகளில் பெண் பார்க்கும்போது எந்தத் தோலுக்கு மதிப்பெண் போடுகிறோமோ அதே தோல் அங்கே உயிருக்கு உலை.

இன்னொரு சங்கதி, இது லூங்கின் புத்தகத்தில் இருப்பதல்ல, அந்தக் கால வரலாற்றில் இருப்பது. 1978-ல் நாட்டின் கிழக்குப் பகுதி மக்களை வியட்நாம் பக்கம் சாய்ந்தவர்கள் என்று சந்தேகித்து மேற்கே இடம் மாற்றினார்கள். அப்போது அவர்களுக்கு நீலக் கட்டம் போட்ட துண்டு கொடுத்தார்கள். கம்போடியாவில் கட்டம் போட்ட துண்டு எல்லோரும் வைத்திருப்பது, கிரமா என்பார்கள். தலைக்குக் கட்டலாம், குழந்தையைத் தூளி கட்டலாம், குளிக்கக் கட்டிக்கொள்ளலாம், நம் ஈரிழைத் துண்டு மாதிரி. நீலத் துண்டு போட்டவர்களைப் போன இடத்தில் சுலபமாக இனம் கண்டு கொன்றார்கள். வாங்கிக்கொண்டபோது புதுத் துண்டு கிடைத்ததே என்று யாராவது ஒருவராவது சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இத்தனைக்கும் நிறத்தை நாளோடு சேர்த்துக் கொண்டாடியவர்கள் கம்போடியர்கள். ஞாயிற்றுக்கிழமை சிவப்புப் பட்டு, வியாழன் பச்சை, வெள்ளி நீலம் என்று கிழமைக்கு ஒரு வண்ணம் உடுத்துவது அவர்களுடைய பழைய மரபு. கிழமைப் பெயர்களைக் கேட்டால் நமக்குச் சொந்தக்காரர்கள் போலிருக்கும்: ஆதித், சந்த், அங்கார், புத் என்று போகும். எல்லாம் நம் கிரகங்கள். கெமர் ரூஜ் ஆட்சியில் கிழமையும் போயிற்று. பத்து நாளுக்கு ஒரு சுற்று என்று வேலை வாங்கினார்கள். ஞாயிறே இல்லாத இடத்தில் ஞாயிற்றுக்கு எதற்குத் தனி நிறம்?

அங்கே துக்கத்துக்கு உரியது வெள்ளை. பேத்தி அட்டவணையில் சமாதானம் என்று போட்டிருந்தாளே, அதே வெள்ளை. லூங்கின் அக்கா கியாவுக்குப் பதினான்கு வயது. இளம்பெண்களுக்கான வேலை முகாமில் வயிற்றுக்கடுப்பு கண்டு 1976-ல் செத்துப்போகிறாள். புத்தகத்தின் தலைப்பு எப்படி இருந்தாலும் அந்த வீட்டில் முதல் சாவு அவளுடையதுதான். அப்பாவை அதே வருடம் டிசம்பரில் ஏதோ வண்டியை மீட்க உதவி வேண்டும் என்று சொல்லி அழைத்துப் போகிறார்கள், அவர் திரும்பவில்லை. இரண்டு சாவுக்கும் வெள்ளை உடுத்த அந்தக் குடும்பத்துக்கு வழியில்லை. என் அம்மாவை நாற்பத்தொரு வயதில் வெள்ளைக்கு மாற்றினார்கள். மாறினார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் வெள்ளை என்றாலே எனக்கு ஒரு கசப்பு. துக்கப்பட ஒரு நிறம் வேண்டும் என்று ஏங்கியவர்களும் இருக்கிறார்கள் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். அந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுத முடியாது.

ஐந்து வயதுக் குழந்தைக்கு இவ்வளவு நினைவிருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். கம்போடிய வாசகர்களிலேயே சிலர் அப்படிக் கேட்டார்கள். முழுக்க நிகழ்காலத்திலேயே எழுதியிருக்கிறார், பெரியவர்கள் பேச்சு வார்த்தைக்கு வார்த்தை வருகிறது. எனக்கும் சில இடங்களில் சந்தேகம் வந்தது. அப்பாவின் கடைசி நேரத்தை அவர் பார்க்கவே இல்லை, கற்பனை செய்து எழுதுகிறார். அதைக் கற்பனை என்று வேறு எழுத்தில் அச்சிட்டுக் காட்டியும் விடுகிறார். ஆனால் அந்த கவுனில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு ஐந்து வயதில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. தீபாவளிக்கு எடுத்த பாவாடையின் அரக்குக் கரையை இப்போது கேட்டாலும் சொல்வேன். நம்ப மாட்டீர்களென்றால் உங்கள் ஐந்து வயதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். முதலில் வருவது ஒரு நிறமாகத்தான் இருக்கும்.

படிக்க நேரமில்லாதவர்கள் படத்தைப் பார்க்கலாம். ஏஞ்சலினா ஜோலி இயக்கி 2017-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பேச்சு கெமர் மொழியில்தான், கேமரா பெரும்பாலும் குழந்தையின் கண் உயரத்திலேயே நிற்கிறது. அதன் தயாரிப்பாளர்களில் ஒருவரான ரித்தி பான் தானும் சிறுவனாக அந்தக் காலத்தைக் கடந்தவர். அவர் எடுத்த 'தி மிஸ்ஸிங் பிக்சர்' என்ற 2013-ஆம் வருடப் படத்தில் மனிதர்களுக்குப் பதில் களிமண் பொம்மைகள். கறுப்பு பொம்மைகளுக்கு நடுவே ஒரு சிறுவன் மட்டும் புள்ளி போட்ட வண்ணச் சட்டையில் நிற்பான். அது அவரேதான். அதைப் பார்த்தபோது லூங்கின் கவுன் ஞாபகம் வந்தது. இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்திருக்க முடியாது.

இப்போது நம் குடியிருப்பு விஷயம் ஒன்று. அன்று பேசும்போது இதைச் சொன்னதும் அறையில் கொஞ்சம் சலசலப்பு. அதனால் எழுத்தில் நிதானமாகச் சொல்கிறேன். போன பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் உள்ளே நுழையும்போது சாம்பல் நிற மேல்கோட்டு அணிய வேண்டும், செலவு சங்கத்துடையது என்று. இரண்டு சைக்கிள் காணாமல் போன பிறகு வந்த யோசனை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறோம். ஆதரவாகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கொலைகாரர்களையும் நம்மையும் ஒன்றாகச் சொல்கிற அளவுக்கு எனக்குப் புத்தி பிசகவில்லை. சீருடையே கூடாது என்பவளும் இல்லை நான். பள்ளியில் நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை இல்லாமல் இருந்திருந்தால் என்னிடம் இருந்தது இரண்டே பாவாடை என்பது வகுப்புக்கே தெரிந்திருக்கும். அந்த நீலம் எனக்குப் பெரிய மறைப்பு. ஆனால் நாலரை மணிக்கு அதைக் கழற்றிவிடுவேன். எங்கள் கிளையில் கடைநிலை ஊழியர் ஒருவர் இருந்தார். சாயங்காலம் காக்கியை மாற்றிக் கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொண்டுதான் பஸ் நிறுத்தத்துக்குப் போவார். பத்து நிமிடம் தாமதமானாலும் மாற்றாமல் போக மாட்டார். இவருக்கு என்ன இவ்வளவு அலங்காரம் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். இத்தனை வருடம் கழித்து ஒரு கம்போடியப் பெண்மணி எழுதியதைப் படித்துவிட்டு அந்தச் சிரிப்பை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வரும் பெண்ணுக்குப் பளிச்சென்ற சேலைதான் பிடிக்கும். கிளிப்பச்சை, ராணி கலர், மாம்பழ மஞ்சள். கோட்டு விஷயம் அவள் காதுக்கும் போயிருக்கிறது. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அந்தக் கோட்டைச் சேலைக்கு மேல போடணுமாம்மா, இல்ல சேலையே அந்தக் கலர்ல கட்டணுமா?" சேலைக்கு மேலே என்றேன். "அப்ப சரி, கேட்டுக்கு வெளிய வந்ததும் கழட்டிரலாம்" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காவலாளியிடம் காட்ட ஓர் அட்டை போதாதா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். தூக்கிய கையை இறக்கப் பொதுக்குழு விதியில் இடம் இருக்கிறதா என்று செயலாளர்தான் சொல்ல வேண்டும்.

பேத்தி பத்துப் பக்கத்தையும் புதிதாக எழுதினாள். அட்டவணை இல்லை. நிறத்துக்கு அர்த்தம் தேடாமல், அது யார் கையில் இருந்தது, யார் பிடுங்கினார்கள், யார் திருப்பிக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறாள். மதிப்பெண் இன்னும் வரவில்லை.

புத்தகத்தின் முடிவில் ஒரு சின்னச் சம்பவம். லூங் அண்ணனோடு படகேறித் தாய்லாந்து போய், 1980-ல் அமெரிக்கா போய்ச் சேர்கிறார். இன்னொரு அக்கா சூ கம்போடியாவிலேயே தங்கிவிடுகிறாள். பதினைந்து வருடம் கழித்து, 1995-ல், லூங் முதல் முறையாக ஊருக்குத் திரும்புகிறார். விமான நிலையத்தில் சொந்தபந்தம் எல்லாம் வந்து காத்து நிற்கிறது. நீண்ட பயணம், வசதியாக இருக்கட்டும் என்று தொளதொளவென்று ஒரு கறுப்புக் கால்சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார். எதிரே நிற்பவர்களின் முகம் மாறுவதைப் பார்த்த பிறகுதான், தான் எப்படித் தெரிகிறோம் என்று அவருக்கே உறைக்கிறது.

புத்தகம் இப்போது சங்க அலுவலக அலமாரியில், இரண்டாவது தட்டில் இருக்கிறது. எடுப்பவர்கள் பதிவேட்டில் வீட்டு எண் எழுதிவிட்டு எடுங்கள்.